பேர் சொல்லக்கூடாத மீன்

சொகேலி. சொகேலி, சொகேலி, சொகேலி.

பாருங்கள், எவ்வளவு லேசாக வருகிறது. இருபத்துநாலு வருஷம் இந்தச் சொல்லை நான் வாயில் எடுத்ததில்லை. இப்போது படகு ஓட்டும்போதுகூடச் சும்மா சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பதிலுக்கு வேறொரு சொல் என் வாயை விட்டுப் போய்விட்டது. கரையிலிருந்து கடலுக்குள் மரத்தால் நீட்டிக் கட்டுவார்களே, அதன்மேல் நடந்து போய்க் கால் நனையாமல் படகில் ஏறலாமே, அது. உங்களுக்கு அதன் பெயர் தெரியும். எனக்கும் தெரியும், சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் அதை நடைமரம் என்றே எழுதப்போகிறேன். யாராவது பேசும்போது உண்மையான சொல்லையே சொல்லியிருந்தாலும் நான் நடைமரம் என்றுதான் போடுவேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

சொகேலி என்பது ஒரு மீன். சுண்டுவிரலின் மேல்கணு அளவுதான் இருக்கும். பச்சை உடம்பு, கன்னத்தில் நாலு சிவப்புக் கோடு. கிளை கிளையாகப் பிரிந்து தட்டுப் போலப் பரந்திருக்கும் ஒரே ஒரு ஜாதிப் பவளத்தில்தான் குடியிருக்கும். ஒரு பவளத்துக்கு ஒரு ஜோடி. பக்கத்தில் இதைவிட நல்ல பவளம் காலியாகக் கிடந்தாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. அந்தப் பவளம் செத்தால் அதுவும் சேர்ந்து சாகும். இப்படி ஒரு பிடிவாதத்தை நான் வேறு ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன், என் மாமியாரிடம்.

மாமியாரின் பெயரும் சொகேலிதான். கைக்குழந்தையாக இருந்தபோது தாய் மடியை விட்டு இறங்கவே மாட்டாளாம், அதனால் வைத்தது. எங்கள் கடலோர ஊர் லகோமேயில் மாமியார் பெயரை மருமகன் சொல்லக்கூடாது. அந்தப் பெயரில் ஒரு பொருள் இருந்தால் அந்தப் பொருளையும் சொல்லக்கூடாது. எழுதுவது அதைவிட மோசம்; வாய் ஒரு தடவை சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும், தாள் சொல்லிக்கொண்டே இருக்கும். வேறு யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் காதில் விழுந்தால் எழுந்து, முதுகைக் காட்டி, நாலடி போய் நிற்க வேண்டும். தவறினால் ஒரு பன்றி. கல்யாணமான முதல் வருஷம் தும்மும்போது எனக்குப் பாதிப் பெயர் வந்துவிட்டது. பாதிதானே என்று வாதாடினேன். பன்றியில் பாதி கிடையாது என்று மாமியார் சொல்லிவிட்டாள்.

மாமியாருக்கு ஒரு பெண் என்றால் ஊர் எப்படியோ சமாளித்திருக்கும். இவளுக்கு ஒன்பது பெண்கள். எட்டுப் பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஊர் இளவட்டங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டதால், மூச்சடக்கி முக்குளிக்கத் தெரிந்தவர்கள் என்று மிஞ்சியது நாங்கள் எட்டு மருமகன்களும், ஒன்பதாவது பெண் லுத்வினாவின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்த காஸ்பரும்தான். ஆக, அந்த மீனைக் கண்ணால் பார்த்தவன் எவனும் அதன் பெயரைச் சொல்ல முடியாது. பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எவரும் மீனைப் பார்த்ததில்லை.

நான் மூத்த மருமகன், பிளாசியஸ். பிழைப்புக்குப் படகு ஓட்டுகிறேன். நான் மாப்பிள்ளையாக வந்த காலத்தில் எங்கள் பாறைத்திட்டில் அந்தப் பவளங்கள் எண்ணி மாளாது. பிறகு ஒரு வருஷம் கடல் சுட்டது. குளிக்க இறங்கினால் வடித்த கஞ்சியில் கால் வைத்தது போலிருக்கும். பவளமெல்லாம் வெளுத்துச் செத்தது, ஏழு மிஞ்சியது. அடுத்து வந்த புயலில் ஐந்து போயிற்று. மிஞ்சிய இரண்டில் ஒன்றின் மேல் நங்கூரம் போட்டவன் நான்தான். கிம்பே டவுனிலிருந்து மழையில் வந்தேன், அவசரம், தண்ணீர் கலங்கியிருந்தது. மறுநாள் முக்குளித்துப் பார்த்தபோது உடைந்த கிளைகளுக்கு நடுவில் அந்த ஜோடி வேறெங்கும் போகாமல் நின்றுகொண்டிருந்தது. நாலு நாளில் அதுவும் இல்லை. நான் அழுதேன். கடலுக்குள் அழுததால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கடைசிப் பவளம் கோயிலுக்கு நேர் எதிரே, இரண்டு ஆள் ஆழத்தில் இருந்தது. தினமும் காலையில் முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்ப்பேன். ரெண்டு. மறுநாளும் ரெண்டு. அதற்குப் பிறகுதான் எனக்குப் பாக்கும் சுண்ணாம்பும் ருசிக்கும்.

இந்த நிலையில்தான் என் மூன்றாவது சகலை அலோய்சியஸுக்கு நடைமரம் கட்டுகிற யோசனை வந்தது. அவன் எங்கள் வார்டு கவுன்சிலர், கடையும் வைத்திருக்கிறான். அந்த ஆகஸ்டில் கோயில் நூற்றாண்டுக்கு ஆயர் வருவதாக இருந்தது. போன தடவை அவர் படகிலிருந்து இறங்கியபோது தண்ணீர் இடுப்பு வரை வந்து, தொப்பிப் பெட்டி மிதந்து பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அந்த அவமானம் ஊருக்கே உண்டு.

"நடைமரத்த நாப்பதடி கிழக்கால தள்ளிக் கட்டு. அங்க வெறும் மணல்தான்" என்றேன்.

"கிழக்கால கட்டினா இறங்கற ஜனம் என் கடைய எப்படிய்யா பாக்கும்?" என்றான் அலோய்சியஸ். மறைக்கத் தெரியாத ஆள்.

"அங்க அடியில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"என்ன இருக்கு? பேரச் சொல்லு சகலை, கேப்போம்."

 அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம், தட்டவில்லை. கல் ஏற்றிய தட்டைப்படகு வந்து மேற்கே நின்றுவிட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, மரக்கால் ஊன்ற அடித்தளமாகப் பவளத்தின் மேல் கல் கொட்டுவதாக ஏற்பாடு.

கடலுக்குள் எது கட்டினாலும் முதலில் அங்கே என்ன உயிர் இருக்கிறது என்று பதிய வேண்டும் என்று ஒரு கணக்கெடுப்புத் திட்டம் வந்திருந்தது. அதிலிருந்து ரூபினா என்ற பெண்ணை அனுப்பினார்கள். கெட்டிக்காரி, சிரித்த முகம், ஆனால் சிம்பு மலைநாட்டுக்காரி. நீச்சல் தெரியாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் மாதாவைக் கூப்பிடுவாள். அதனால் முக்குளிக்கிறவர்களைக் கேட்டு எழுதிக்கொள்வதென்று முடிவாகி, பள்ளிக்கூடத்து ஈரப்பலா மரத்தடியில் மேஜை போட்டுக்கொண்டாள். முதல் ஆள் நான்.

"பழைய பட்டியல்ல ஒரு மீன் இருக்குண்ணே. சொகேலி. பாத்திருக்கீங்களா?"

நான் எழுந்தேன். முதுகைக் காட்டினேன். நாலடி போய் நின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, இல்லையா?"

"எழுந்து போனேனே, பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன? அதான் பதில்."

அவள் ஏதோ எழுதினாள். ஏன் எழுந்து போனேன் என்று விளக்கலாம். விளக்கினால் யார் பெயர் என்பாள். அதைச் சொன்னாலும் பன்றிதான். அவள் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். சாராயத்தில் ஊறிய மீனின் படம், நிறமெல்லாம் போய்ச் சோற்றுப் பருக்கை மாதிரி இருந்தது.

"இது இங்க இருக்கா?"

"இது செத்ததும்மா. எங்களது உசிரோட இருக்கு."

"அப்ப இது வேற அது வேறயா?" என்று அதையும் எழுதிக்கொண்டாள்.

"எங்களதுக்குப் பேரு... நான் நகராதவன்னு வெச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டு இருக்கு. கோயிலுக்கு நேரா. நல்லா எழுதிக்கம்மா."

"நகராதவ, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதி, என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. நான் மடையன்.

ஏழு சகலைகளும் வரிசையாகப் போனார்கள். எல்லாரும் எழுந்து முதுகைக் காட்டினார்கள், எல்லாரும் திரும்பி வந்து அவரவர் வீட்டில் வைத்திருக்கும் மாற்றுப் பெயரைக் கொடுத்தார்கள். அலோய்சியஸ்கூட, கேட்டதற்கு ஒன்று சொல்லிவிட்டு வந்தான். எனக்கு எங்கேயோ இடித்தது. காஸ்பரைப் பிடித்தேன்.

"டேய், உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. நீ போயி அந்தப் பேர நேராச் சொல்லிட்டு வந்துடு."

"எந்தப் பேருண்ணே?"

"என் பொண்டாட்டியோட அம்மா யாருடா?"

அவன் முகம் வெளிறிவிட்டது. "அய்யோ! என்னால முடியாதுண்ணே."

"உனக்கு என்னடா? நீ மருமகனே இல்லையே!"

"இப்பச் சொல்லிட்டா அப்புறம் எப்பவுமே ஆக முடியாதுல்ல? நீங்க எட்டுப் பேரும் தப்புப் பண்ணா பன்னியோட போகும். எனக்குப் பொண்ணே போயிரும்."

அவனும் மரத்தடிக்குப் போனான். எங்களைவிட அதிகமாக, பத்தடி தள்ளிப் போய் நின்றானாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரூபினா பலிபீடத்துக்குக் கீழே நின்று அறிக்கையை வாசித்தாள். "லகோமே மக்களே, நல்ல செய்தி. இதுவரைக்கும் எந்தப் பட்டியல்லயும் இல்லாத ஒன்பது வகை மீன் உங்க கடல்ல இருக்கு." கைதட்டினார்கள். அவள் பெயர்களைப் படித்தாள்: நகராதவள், சிவப்புக்கன்னி, வீட்டுக்காரி, மூலையில முடங்கி, பெரியம்மா, அது, அந்தது, உஷ். கடைசியாகக் காஸ்பர் கொடுத்தது, கல்யாணத்துக்கப்புறம். ஒவ்வொன்றிலும் இரண்டு என்று பதினெட்டு மீன்.

"ஒரே ஒரு வருத்தமான செய்தியும் இருக்கு. விசாரிச்ச ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லல. சொகேலி இல்லாமப் போயிட்டா."

'இல்லாமப் போயிட்டா' என்றாள். மலைநாட்டுக்காரி எங்கள் மொழியைப் பேசும்போது சில சமயம் அஃறிணையையும் பெண்ணாக்கிவிடுவாள். நாங்கள் எட்டுப் பேரும், காஸ்பரும், அந்த நொடியே எழுந்து முதுகைக் காட்டி வாசலுக்குப் போனோம். சாவுச் செய்தி வந்தால் கோயிலிலிருந்து ஆண்கள் முதலில் எழுந்து போவது எங்கள் வழக்கம். அவ்வளவு போதாதா பெண்களுக்கு? பின்வரிசையில் ஒருத்தி ஒப்பாரியைத் தொடங்க, மொத்தக் கோயிலும் பிடித்துக்கொண்டது.

மாமியார் முதல் வரிசையில் பாக்கு மென்றுகொண்டிருந்தாள். செத்தது யார் என்று திரும்பிப் பார்த்தாள்.

அழுகை கடலைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குக் கேட்டு, மதியத்துக்குள் மூன்று படகு நிறையச் சேம்பும் தேங்காயும் வந்து இறங்கிவிட்டது. துக்கத்துக்கு வந்த கிழங்கைத் திருப்பி அனுப்பினால் அடுத்த சாவு அவர்கள் வீட்டில் விழும் என்பார்கள். வேறு வழியில்லாமல் துக்க வீடு போட்டோம். மாமியார் நடுவில் உட்கார்ந்து, தன்னைக் கட்டிக்கொண்டு அழுதவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னாள். சாயங்காலம் எங்களை வரிசையாக நிற்க வைத்தாள்.

"எவன்டா என்னைக் கொன்னது?"

"அத்தே, அது மீனு..." என்றேன்.

"எட்டு மாப்பிள்ளை வெச்சிருக்கேன். ஒரு பய இருக்கான்னு சொல்லல. எழுந்து எழுந்து முதுகக் காட்டியிருக்கீங்க. ஆளுக்கு ஒரு பன்னி. செவ்வாக்கிழமைக்குள்ள."

"சொன்னாலும் பன்னி, சொல்லலன்னாலும் பன்னியா அத்தே?" என்றான் அலோய்சியஸ்.

"நீ மட்டும் பெரிய பன்னியாக் கொண்டா."

ரூபினாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அறிக்கையைத் திருத்தலாம், ஆனால் பார்த்தவர் ஒருவர் தன் வாயால் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்றாள். அப்படியே எல்லாரும் மாமியாரைப் பார்த்தோம். சொந்தப் பெயரைச் சொல்ல அவளுக்குத் தடை இல்லை. பிறந்ததிலிருந்து அந்த மீனை அவள் பார்த்ததுதான் இல்லை.

மறுநாள் காலை அவளைத் தோணியில் ஏற்றினோம். தோணி சாயாதபடி நாலு மருமகன்கள் மறுபக்கம் அமுக்கிப் பிடிக்க, ஆமை எட்டிப் பார்ப்பது போல அவள் கழுத்தை நீட்டி, அடியில் கண்ணாடி பதித்த வாளி வழியாகப் பார்த்தாள். நான் பவளத்துக்குப் பக்கத்தில் இறங்கி விரலால் காட்டினேன். மேலே வந்தபோது அவள் முகம் கோணியிருந்தது.

"எங்கடா?"

"அதோ அத்தே, கிளைக்கு நடுவுல. சிவப்புக் கோடு."

"அந்தத் துணுக்கா?"

"ஆமா அத்தே."

"அதுவா நானு?" அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "அறுபத்தெட்டு வருசமா சுறா அளவுக்கு நெனச்சுக்கிட்டிருக்கேன்டா!"

எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. அவள் மறுபடி வாளிக்குள் முகத்தை வைத்தாள். அந்த நேரத்தில் கையளவு நண்டு ஒன்று பவளத்தின் ஓரத்தில் கால் வைத்தது. ஜோடியில் பெரியது கிளைக்குள்ளிருந்து பாய்ந்து வந்து அதன் கண்ணிலேயே முட்டியது. நண்டு பின்வாங்கியது. மீன் விடவில்லை, இன்னொரு முட்டு. மாமியார் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

"நல்லாத்தான் சண்டை போடுது" என்றாள் கடைசியில். பிறகு, தோணி நடுவில் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ரூபினாவைப் பார்த்து, "எழுதிக்கோடி. சொகேலி இருக்கா. ரெண்டு பேரு இருக்காளுங்க."

தோணியிலிருந்த நாலு மருமகன்களும் முதுகைக் காட்டத் திரும்பியதில் தோணி கவிழப் பார்த்தது.

அறிக்கை திருத்தப்பட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அலோய்சியஸ் விதிமுறைத் தாளைப் புரட்டி அடியில் ஒரு வரியைக் கண்டுபிடித்தான். உயிரினம் இருந்தாலும், ஊர்க்கூட்டம் தீர்மானத்தை எழுதியபடியே, ஒரு சொல் மாறாமல், வாய்விட்டு வாசித்து ஒப்புக்கொண்டால் கட்டலாமாம். புதன்கிழமை கூட்டம் போட்டான். மீனை வாளியில் பிடித்து வேறு பவளத்தில் விட்டுவிடலாம் என்றான். வேறு பவளம் எங்கே இருக்கிறது என்று கத்தினேன். "தேடினா கிடைக்கும் சகலை" என்றான். நான் ஒருவன். ஆயர் நனையக்கூடாது என்று ஊரே அவன் பக்கம். வெளியே தட்டைப்படகில் கல் குவிந்திருந்தது, வேலிக்குள் எட்டுப் பன்றிகள் கத்திக்கொண்டிருந்தன.  என் நங்கூரம் உடைத்த பவளத்தில் நாலு நாள் நின்ற ஜோடி ஞாபகத்துக்கு வந்தது.

அலோய்சியஸ் தீர்மானத் தாளை எடுத்துத் தொண்டையைக் கனைத்தபோது மாமியார் எழுந்தாள்.

"இருடா. இந்தப் பன்னியெல்லாம் எதுக்கு வந்துது?"

"உங்க சாவுக்கு அத்தே."

"ஆமா. நான் செத்ததா ஊரே அழுதாச்சு, கிழங்கு தின்னாச்சு. செத்தவ பேரு எனக்கு எதுக்கு? அது மீன்கிட்ட வாங்கினது. இன்னைக்கு மீன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். இனிமே அதை எவனும் சொல்லலாம், பன்னி கேக்க மாட்டேன்." பாக்கைத் துப்பிவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "எனக்குப் புதுப் பேரு வேணும். எட்டுப் பன்னி வெட்டிப் பேரு வெச்சா அது கல்லுல எழுதின மாதிரி. என் புதுப் பேரு என்னன்னா..."

சொன்னாள். அலோய்சியஸ் கையிலிருந்த தாளில் முதல் வரியில் இருந்த சொல்லை, அவன் கடலுக்குள் நீட்டப்போகும் அந்தச் சாமானின் பெயரை, தெளிவாக, இரண்டு தடவை சொன்னாள்.

எட்டுப் பேரும் எழுந்து முதுகைக் காட்டினோம்.

திரும்பி உட்கார்ந்ததும் அலோய்சியஸ் தாளைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான். "இந்த ஊர்க்கூட்டம்... கோயிலுக்கு எதிரே... ஒரு..." வியர்த்துக் கொட்டியது. பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை ஃபிடேலிஸிடம் தாளை நீட்டினான், அவன் ஐந்தாவது மருமகன். தச்சன் ஆறாவது. காஸ்பர் கேட்பதற்கு முன்பே வெளியே ஓடிவிட்டான். வாசிக்கத் தெரிந்த மற்ற ஆண்கள் எல்லாம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருந்தார்கள். பெண்கள் யாராவது வாசிக்கலாமே என்றான் அலோய்சியஸ். மாமியாரின் ஒன்பது பெண்களும் அவனைப் பார்த்த பார்வையில் மற்றப் பெண்கள் எவரும் வாய் திறக்கவில்லை.

"அந்தத் துணுக்கு, ஒண்டிக்குடித்தனத்துல இருந்துக்கிட்டு நண்ட விரட்டுது. அது தலைல கல்லக் கொட்டுவியா நீ?" என்றாள் மாமியார். அந்த விஷயத்தில் அவள் பேசியது அவ்வளவுதான்.

தீர்மானம் வாசிக்கப்படவில்லை. பன்றிகளைத் தின்றோம். ஆகஸ்டில் ஆயர் வந்தார், இடுப்பளவு தண்ணீரில் மருமகன்கள் எட்டுப் பேரும் அவரை நாற்காலியோடு தூக்கி வந்தோம். இந்த ஊருக்கு இன்னும் ஏன் ஒரு நடைமரம் இல்லை என்று அவர் உண்மையான சொல்லை வைத்துக் கேட்டுவிட்டார். நாங்கள் முதுகைக் காட்டித் திரும்பியதில் அவர் நாற்காலியோடு விழுந்தார்.

ரூபினாவின் ஒன்பது மீன்களை இன்னும் யாரும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. 'கல்யாணத்துக்கப்புறம்' மீனைக் காக்க வேண்டும் என்று போன வாரம் ஒரு கடிதம்கூட வந்தது.

கடல் மறுபடி சூடாகிக்கொண்டிருக்கிறது. ஜனவரியில் இன்னும் ஏறும் என்கிறார்கள். சூடு என்ற சொல்லை யாராவது பெயராக எடுத்துக்கொண்டால், வாயில் எடுக்க முடியாதபடி அதையும் நிறுத்திவிடலாமா என்று மாமியாரைக் கேட்டேன். என்னை முட்டாள் என்றாள். குஞ்சுகள் பொரித்தாலும் போய்க் குடியேற வேறு பவளம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்குகிறேன். பவளத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, இருக்கிற மூச்சையெல்லாம் செலவழித்து, சொகேலி என்கிறேன். குமிழிகளாகத்தான் போகிறது. பெரியது பாய்ந்து வந்து என் கண்ணாடியில் முட்டுகிறது. சின்னது பின்னால் கிளைக்குள் இருக்கிறது.

ரெண்டு.